போதும் என்று சொல்லாத வயிறு

சரவணா,

உன்னிடம் நேரில் பேசத்தான் நினைத்தேன். போன சனிக்கிழமை நீ வழக்கம்போல் ஊருக்கு வந்து என் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது வாயையும் திறந்தேன். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னதோடு சரி. நிலஅளவை அலுவலகத்தில் மற்றவர்கள் அளந்து வரைந்த வரைபடங்களைச் சரிபார்த்தே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது, எழுதியதை அழித்துத் திருத்தலாம் என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போய்விட்டது. ஆகவே எழுதுகிறேன். நடுவில் தடம் மாறிவிடுவேனோ என்ற பயத்தில் சொல்ல வேண்டியதை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. தீபாவளி மத்தியானம் நடந்தது. நீ அதைப் புரிந்துகொண்ட விதம் வேறு, எனக்குத் தெரிந்தது வேறு.
2. என் வயிறு இப்போது எப்படி இருக்கிறது என்பது.
3. உன் அம்மாவின் கரண்டி.
4. நீ சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு இங்கே யோங் பெங்குக்கே வந்துவிடுவதால் எனக்கு ஒரு நன்மையும் இல்லை என்பது.
5. கல்யாணத்துக்குப் பிறகு உன் வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கலாம் என்பது.

நான்காவதற்காகத்தான் இந்தக் கடிதமே. மற்றவை அதற்குத் துணை. நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிற யமுனாவும் இதைப் படிக்கட்டும். என்னைப் போல முதுகுத்தண்டு அடிபட்டவர் இருக்கும் வீட்டில் வேறு யாராவது படிக்க நேர்ந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இதில் வெட்கப்பட வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. ஆனால் வெட்கப்பட்டு வெட்கப்பட்டு எனக்கு அலுத்துவிட்டது.

முதலில் தீபாவளி. நிச்சயம் முடிந்தபின் யமுனாவின் வீட்டார் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தது அதுதான் முதல் தடவை. உன் அம்மா இரண்டு நாளாக அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஆட்டிறைச்சிப் பிரட்டல், கோழி, பிரியாணி, கேசரி, பின்னால் அதிரசம் வேறு. என்னைச் சக்கர நாற்காலியில் மேசைத் தலைப்பில் உட்கார வைத்தீர்கள். சம்பந்தி எனக்கு வலப்பக்கம். நல்ல மனிதர். லாரி ஓட்டிப் பழகிய குரல், நாலு வீட்டுக்குக் கேட்கும். நான் மெதுவாகச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன சம்பந்தி, கோழிக்குஞ்சு மாதிரி கொத்திக்கிட்டு இருக்கீங்க? தீபாவளி லா! சம்பந்தியம்மா, இங்க பாருங்க, இலை காலியா இருக்கு, போடுங்க, போடுங்க!"

"போதும்ங்க," என்றேன்.

"போதும்னு சொல்ற வாய்க்கு ஒரு கரண்டி, அதுக்கப்புறம் நெஜமாவே போதும்னு சொல்லுவீங்கல்ல, அதுக்கு ஒரு கரண்டி. எங்க வீட்டுக் கணக்கு அதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உன் அம்மா போட்டாள். நான் சாப்பிட்டேன். அதற்குப் பிறகும் சாப்பிட்டேன். ஒரு கட்டத்தில் என் நெற்றி வியர்த்தது. பிடரியில் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவதுபோல் வலி, காதெல்லாம் சூடு. யமுனாதான் முதலில் கவனித்தாள். "அத்தை, மாமாவுக்கு ரொம்ப வேர்க்குது," என்றாள். உன் அம்மா உடனே, "காலையில சரியா பசியாறல, பசி மயக்கம்தான்," என்று சொல்லிவிட்டு, தேநீரில் பால் டின்னைக் கவிழ்த்துக் கலக்கிக்கொண்டு வந்தாள். கூடவே இரண்டு அதிரசம். அதையும் நான் சாப்பிட்டேன், சரவணா. வந்தவர்கள் முன்னால் மறுத்தால் உன் அம்மாவுக்குக் கௌரவக் குறைவாகிவிடும் என்று நினைத்தேன்.

அப்புறம் கட்டிலுக்குப் போகிறேன் என்றேன். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையில் பாலம்போல் போடுகிற அந்த வழவழப்பான பலகையை நீ வைத்தாய். கைகளை ஊன்றி நான் என்னைத் தூக்கினேன். தூக்க முடியவில்லை. பலகை நழுவியது. நான் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன் என்றா சொல்ல வேண்டும், கொட்டப்பட்டேன். நீயும் சம்பந்தியும் யமுனாவின் தம்பியும் பக்கத்து வீட்டுச் சீனரும் போர்வையில் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து என்னைத் தூக்கினீர்கள். என் மூத்திரப் பையை யாரும் நினைக்கவில்லை. யமுனா குனிந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டு, குழாய் இழுபடாதபடி கூடவே நடந்து வந்தாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. சம்பந்தி மூச்சு வாங்கிக்கொண்டே, "லாரில சோபா ஏத்துறப்ப கூட இவ்வளவு வேர்க்காது லா," என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத்தான் பாவமாக இருந்தது. நான் சிரித்து வைத்தேன். நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாய். அன்று பிடித்த இடுப்பு வலி உனக்கு இன்னும் முழுதாக விடவில்லை என்று எனக்குத் தெரியும். நீ குனிந்து செருப்பு மாட்டுவதை நான் இங்கிருந்தே பார்க்கிறேன்.

அவர்கள் போனபிறகு நீயும் அம்மாவும் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினீர்கள். அடுப்படிக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான் என்பதை இந்த வீட்டில் எல்லோரும் மறந்துவிடுகிறீர்கள்.

"மா, கல்யாணத்துக்கப்புறம் குடியிருக்கப் பாத்த அந்த பெர்மாஸ் ஜெயா வீடு வேணாம். நான் இங்கயே வந்துர்றேன். கூலாய்ல ஒரு ஃபேக்டரில கேட்டிருக்கேன், எடுத்துக்குவாங்க போல."

"சம்பளம்?"

"பாதிதான் வரும். பரவால்ல."

"யமுனா என்னடா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலமா. சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. காரை எடுத்துட்டுப் போயிருச்சு."

"அது சிங்கப்பூர் வேலைக்கு தினமும் இங்கேர்ந்து எப்படிடா பாலத்தத் தாண்டும்?"

"தாண்டாது. வாரத்துல அங்க இருக்கட்டும், லீவுல வரட்டும். வேற என்னமா பண்றது? அடுத்த வாட்டி அப்பா விழுந்தா நீங்க தூக்குவீங்களா?"

அம்மா குழாயை வேகமாகத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. கல்யாணமான மறுமாதமே மனைவி ஓர் ஊரில், கணவன் ஓர் ஊரில் என்று நீ ஏற்பாடு செய்துகொண்டிருந்தாய். காரணம் என் உடம்பின் எடை. நீ நினைத்தது இது: அப்பாவுக்கு வயதாகிவிட்டது, கைப்பலம் போய்விட்டது, இனி ஆள் வேண்டும். நடந்தது அதுவல்ல என்று உனக்குச் சொல்லத்தான் இரண்டாவதற்கு வருகிறேன்.

கூரையோரத் தகரக் கால்வாயில் சேர்ந்த இலைகளை அள்ள ஏணியில் ஏறி விழுந்தேனே, அன்றிலிருந்து நெஞ்சின் நடுவுக்குக் கீழே எனக்கு எதுவும் தெரிவதில்லை. கால்கள் போனதை எல்லோரும் பார்த்தார்கள். வயிறு போனதை ஒருவரும் பார்க்கவில்லை. நானும் வெகுநாள் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் அலுவலகத்தில் பதினோரு மணி வாக்கில் வயிற்றைக் கிள்ளும். இரண்டாவது தட்டு சோறு பாதியில் நிற்கும்போது, உள்ளே ஏதோ ஒன்று மெதுவாகக் கதவைச் சாத்தும். நாம் அதைப் பற்றி யோசிப்பதுகூட இல்லை, கை தானாக நின்றுவிடும். இப்போது அந்தக் கதவு எனக்கு இல்லை. ஒரு பிடி சாப்பிட்டாலும் ஒரு பானை சாப்பிட்டாலும் உள்ளே ஒரே அமைதி. எல்லோருக்கும் இப்படி இருப்பதில்லையாம். சிலருக்கு மங்கலாகவாவது தெரியுமாம், அடிபட்ட இடத்தைப் பொறுத்தது என்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. அல்லது எனக்குத்தான் கவனிக்கத் தெரியவில்லையோ என்ற சந்தேகமும் உண்டு.

எல்லைக்கல் காணாமல் போன நிலத்தை எப்படி அளப்பார்கள் என்று நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை கேட்டாய். பக்கத்து நிலங்களின் கற்களிலிருந்து அளந்துகொண்டு வர வேண்டும் என்று சொன்னேன். என் வயிற்றையும் நான் அப்படித்தான் அளந்திருக்க வேண்டும். தட்டின் அளவைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து. அதைச் செய்யாமல், பரிமாறுகிறவர் கை நின்ற இடத்தை எல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்குப் பிறகு மருத்துவமனையில் என் பயிற்சியாளர் ரொஹானாவிடம் இதைச் சொன்னேன். அந்தப் பெண்ணை உனக்குத் தெரியும், முதல் வருஷம் உன்னைக்கூட அதட்டி இருக்கிறாள். என்னைத் தராசு மேடையில் நாற்காலியோடு ஏற்றிப் பார்த்துவிட்டு, "அலமாக், பாச்சிக்!" என்றாள், ஐயோ பெரியவரே என்று. வியர்வையைப் பற்றிச் சொன்னதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. மலாய் மொழியில் அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். என் போன்றவர்களின் வயிறோ குடலோ மூத்திரப் பையோ அளவுக்கு மீறி நிறைந்தால், "நிறைந்துவிட்டது" என்ற செய்தி மூளைக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. உடம்பு வேறு வழியில் கூச்சல் போடும். இரத்த அழுத்தம் ஏறும், தலை வலிக்கும், அடிபட்ட இடத்துக்கு மேலே வியர்க்கும். அது ஆபத்து. அப்போது படுக்க வைக்கக் கூடாது, நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். இடுப்புத் துணியைத் தளர்த்த வேண்டும். குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மலம் இறங்கி எத்தனை நாளாயிற்று என்று யோசிக்க வேண்டும். அடங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? வியர்த்தால் பசி மயக்கம் என்று முடிவு கட்டினோம். படுக்கப் போட்டு, விசிறி, இனிப்புத் தேநீரும் ரொட்டியும் கொடுத்தோம். வயிறு "தாங்கவில்லை" என்று அலறிய ஒவ்வொரு தடவையும் அதற்கு இன்னும் கொஞ்சம் போட்டோம். நான்கு வருஷமாக. தோட்டத்தில் பிறந்து, கஞ்சி குறைந்த நாட்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நானும் உன் அம்மாவும். எங்களுக்கு மயக்கம் என்றால் பசிதான். வேறு மயக்கம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் வந்ததில்லை. உன் அம்மாவைவிட நாலு புத்தகம் அதிகம் படித்தவன் நான். எனக்கும் தோன்றவில்லை.

மலத்தைப் பற்றியும் எழுத வேண்டும். உன்னிடம் இதை ஒருபோதும் பேசியதில்லை. காலையில் அம்மா என் அறைக் கதவைச் சாத்தினால் நீ வாசலுக்குப் போய்விடுவாய், திரும்பி வந்து ஒன்றும் கேட்கமாட்டாய். அந்த மரியாதைக்கு நன்றி. ஆனால் நாளைக்கு நான் உன் வீட்டில் இரண்டு நாள் தங்க நேர்ந்தால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குடல் எனக்கு மெதுவாக வேலை செய்கிறது. சாப்பிட்டது வெளியே வர மற்றவர்களைவிட அதிக நாள் ஆகும். ஒரே நேரத்தில், சூடாக ஏதாவது குடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, மருந்து வைத்து, காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்தினால் நடக்காது. தீபாவளி வேலையில் அம்மாவுக்கு நேரமில்லை என்று நான்தான் அந்தக் காலைகளைத் தள்ளிப் போட்டேன். ஆகவே அன்று மத்தியானம் மேசையில் உட்கார்ந்தபோதே நான் பாதி நிறைந்தவன். அதன்மேல்தான் பிரியாணி.

இன்னொன்று. நடக்காத கால்கள் தசை வற்றிக் கிடக்கின்றன. அவற்றுக்குப் பெரிதாகத் தீனி வேண்டியதில்லை. முன்பு சாப்பிட்ட அளவே சாப்பிட்டாலும் எனக்கு அது அதிகம். ஏறிய எடையை என் இரண்டு தோள்கள்தான் சுமக்க வேண்டும். கைப்பலம் போய்விட்டது என்று நீ நினைத்தாயே, என் கை பழைய கைதான். தூக்க வேண்டிய ஆள்தான் பெரிதாகிவிட்டான்.

மூன்றாவது, உன் அம்மாவின் கரண்டி. இதை எழுதப் பயமாக இருக்கிறது, அவளும் படிப்பாளே என்று. நம்மவர்கள் பரிமாறும் விதத்தை யோசித்துப் பார். "போதும்" என்று ஒருவர் சொன்னதும் நிறுத்திவிட்டால் அது உபசாரம் ஆகாது. இரண்டாம் தடவை கேட்க வேண்டும், மூன்றாம் தடவை அவர் இலைக்கு மேலே கையை விரித்து மறைக்க வேண்டும், அந்த விரல் இடுக்கிலும் கொஞ்சம் போட்டுவிட வேண்டும். இத்தனையும் எந்த நம்பிக்கையில் நடக்கிறது? சாப்பிடுகிறவரின் வயிறு ஒரு கட்டத்தில் உண்மையாகவே மறுத்துவிடும் என்ற நம்பிக்கையில். என் வயிறு மறுப்பதில்லை. நான் சொன்ன "போதும்" வெறும் மரியாதைச் சொல். அதன் பின்னால் ஒன்றும் இல்லை. கரண்டி நீண்டதும் நான் வாங்கிக்கொண்டேன். இந்த வீட்டில் நிறுத்தத் தெரிந்தவர் யாருமே இல்லாமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று இதை அவளிடம் சொன்னேன். சொல்லிய விதம் சரியில்லை போலிருக்கிறது.

"அப்ப நான் சோறு போட்டுத்தான் உங்கள இப்படி ஆக்கிட்டேனா?" என்றாள்.

"அப்படிச் சொல்லலயே."

"வேற எப்படிச் சொன்னீங்க? ஆஸ்பத்திரில எல்லாரும் என்ன சொன்னாங்க? நல்லா கவனிச்சுக்கங்கன்னாங்க. கவனிச்சேன். நாலு வருஷமா எனக்கு வேற என்ன தெரிஞ்சுச்சு உங்களுக்குச் செய்ய? கால எழுப்பி நடக்க வைக்கத் தெரியுமா எனக்கு?"

மறுநாள் மத்தியானம் சோற்றைத் தட்டில் போட்டு அடுப்படியிலிருந்தே எடுத்துக்கொண்டு வந்தாள். சின்னத் தட்டு. கீரை பாதித் தட்டு, சோறு ஓர் ஓரத்தில். சட்டியும் கரண்டியும் அடுப்படியிலேயே இருந்தன. எதிரே தன் தட்டோடு உட்கார்ந்தாள். இந்த நான்கு வருஷத்தில் அவள் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எப்போதும் நின்று போட்டுக்கொண்டேதான் இருப்பாள். "இந்தாங்க, நானும் வேணுமான்னு கேக்கமாட்டேன், நீங்களும் போதும்னு சொல்லவேணாம். ரெண்டு பேருக்கும் வேல மிச்சம்," என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "உப்பு கம்மியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உப்பு கம்மிதான்.

நான்காவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். அதை எழுத இன்னும் கை வரவில்லை. ஐந்தாவதைச் சொல்லிவிடுகிறேன், அது சுலபம்.

உன் வீட்டில் யாரையும் வற்புறுத்திச் சாப்பிட வைக்காதே. யமுனாவுக்குக் காலையில் பசியாறும் வழக்கம் இல்லை என்று உன் அம்மா குறைப்பட்டுக்கொண்டாள். அது அவள் வயிறு. நீ பள்ளிக்கூடம் போகிற வயதில் தட்டைக் காலி செய்யாமல் எழுந்திருக்கக் கூடாது என்று நான் விதி வைத்திருந்தேன். ஒரு நாள் நீ உப்புமாவை வாயில் அடக்கிக்கொண்டு கண்ணில் நீரோடு என்னைப் பார்த்தாய். "முழுங்கு," என்றேன். பேருந்தில் ஏறியதும் வெள்ளைச் சட்டையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு இறங்கி வந்தாய். உன் வயிறு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதன் பேச்சைக் கேட்காதே என்று நான்தான் உனக்குப் பழக்கினேன். இப்போது நீ காலையில் பாலத்தின் வாகன நெரிசலில் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை முடிக்கிறாய். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் உனக்கு நினைவிருப்பதில்லை. உட்கார்ந்து சாப்பிடு. பாதியில் ஒரு தடவை கையை நிறுத்திப் பார். உள்ளே ஏதாவது சொல்கிறதா என்று கேள். உனக்கு அது சொல்லும். சொல்கிற வரைக்கும் அது எவ்வளவு பெரிய வசதி என்று யாருக்கும் தெரிவதில்லை. கல்யாணத்தன்று பந்தியில் என்னை ஓரமாக உட்கார வையுங்கள். எனக்குப் போட வேண்டியதை அம்மா ஒரே தடவையில் போட்டுவிடுவாள். சம்பந்தியிடம் நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு. எனக்குச் சொல்லத் தைரியம் வராது. அவர் மனம் நோகாதபடி சொல்.

இனி நான்காவது.

நீ யோங் பெங்குக்கு வந்தால் என்ன செய்வாய்? என்னைத் தூக்குவாய். எனக்குத் தேவை தூக்க ஓர் ஆள் இல்லை, தூக்கக்கூடிய எடை. இந்த வாரங்களில் எடை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ரொஹானா, "பெலான் பெலான், பாச்சிக்," என்கிறாள், மெதுவாக மெதுவாக என்று. ஆனால் நேற்று முன்தினம் காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் பலகை மேல் போனேன். நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினேன். அம்மா என் இடுப்பு வாரில் ஒரு கை வைத்திருந்தாள், இழுக்கவில்லை. நாற்காலிக்கு வந்ததும் அவள் கையை எடுத்துப் புடைவையில் துடைத்துக்கொண்டு, "நான் ஒண்ணும் பண்ணல," என்றாள். தோள் இரவு வரை வலித்தது. பரவாயில்லை. தை மாதம் உன் கல்யாணத்துக்குள் அந்த ஒரு கையும் தேவைப்படாமல் போகலாம், போகாமலும் இருக்கலாம். அந்த ஒரு கை இந்த வீட்டிலேயே இருக்கிறது. நீ மட்டும் வந்து தூக்க ஆரம்பித்தால் நான் பலகையை மறந்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும், சுலபமானது கிடைத்தால் மறுக்கத் தெரியாதவன் நான். உன் இடுப்பும் போகும். உனக்குச் சம்பளம் பாதியாகும், யமுனா வாரம் முழுவதும் தனியாக ஒரு வாடகை அறையில் இருப்பாள். இத்தனையும் கொடுத்து வாங்குவது எனக்குப் பயன்படாத ஒன்றை. ஆகவே நீ வருவதால் எனக்கு ஒரு நன்மையும் இல்லை.

இதை எழுதி முடித்துவிட்டு, பழைய வழக்கப்படி முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். அளவைக்காரர்கள் ஒரு நிலத்தைச் சுற்றி அளந்துகொண்டு புறப்பட்ட கல்லுக்கே திரும்பி வருவார்கள். கணக்கு அங்கே வந்து ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் நடுவில் எங்கோ ஓர் அளவு தப்பு. அந்தத் தப்பைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இந்தக் கடிதமும் ஒட்டவில்லை. குற்றம் முழுவதையும் ஊமை வயிற்றின் மேலும் நம் உபசாரத்தின் மேலும் போட்டுவிட்டேன். ஆனால் ஒருவரும் பரிமாறாத நேரத்திலும் நான் சாப்பிட்டிருக்கிறேனே, அதை எங்கே எழுதினேன்?

மத்தியானம் அம்மா கண் அயர்ந்த பிறகு, கட்டிலோர அலமாரியில் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். கிரீம் கிராக்கர். ஒன்று எடுப்பேன். பசி இல்லை, எனக்குத்தான் பசியே தெரியாதே. நெஞ்சுக்கு மேலே இருப்பதில் நாக்கு இன்னும் முழுதாக என்னுடையது. உப்பும் மொறுமொறுப்பும் தெரிகிறது. ஒன்று முடிந்தால் அடுத்ததற்குக் கை போகும். நெடுஞ்சாலையில் போகும் வண்டிகளின் இரைச்சல் தூரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். டின்னில் பாதி போயிருக்கும்போது சாயங்காலம் ஆகியிருக்கும். நான் சாப்பிட்டுக் கழித்தது அந்த நேரத்தைத்தான். சின்னத் தட்டு வந்த பிறகும் அது முழுதாக நிற்கவில்லை. இன்று காலை அந்த டின்னை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மூடியை அழுத்தி மூடி அடுப்படிக்குக் கொண்டுபோனாள்.

சனி, ஞாயிறுகளில் நான் அதைத் தொட்டதே இல்லை. யோசித்துப் பார்த்தேன், ஒரு தடவைகூட இல்லை. அந்த இரண்டு நாட்களும் நீ வீட்டில் இருக்கிறாய். என்னோடு பெரிதாக ஒன்றும் பேசுவதுகூட இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு, நடுநடுவே "அப்பா, இதப் பாருங்க," என்று எதையாவது காட்டுவாய். அது போதுமாக இருந்திருக்கிறது.

ஆகவே நான்காவது தவறு. நீ வந்தால் எனக்கு நன்மை உண்டு, நிறையவே உண்டு. அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன், வராதே. கூலாய் தொழிற்சாலையில் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, யமுனாவையும் கூட்டிக்கொண்டு போய் பெர்மாஸ் ஜெயா வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்.

அப்பா